ஒரே சட்டையில் இரண்டு ஊர்

ஆகஸ்ட் 30, 1943
போருக்குப் போனவர்கள் போக, எங்கள் பிட்ஸ்பர்க் அமெரிக்கக் கால்பந்து அணியிலும் ஆளில்லை, பிலடெல்பியா அணியிலும் ஆளில்லை. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். காதுச் சவ்வில் ஓட்டை என்று ராணுவம் என்னைத் திருப்பி அனுப்பியது. இப்போது பிலடெல்பியாவில் பகலில் கப்பல் பட்டறை, மாலையில் பயிற்சி.

நான் சென்டர். குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அனுப்பிவிட்டு, எதிராளியை முட்டித் தள்ளுகிறவன். இந்த ஊர்ச் சென்டர் ஓட்டோ லிண்டமன், போன வருஷ ஆட்டத்தில் என் முன்பல்லை உடைத்த மகராசன். பட்டறையிலும் எனக்குப் பக்கத்திலேயே வேலை! இருப்பதோ ஒரே இடம். அவனா, நானா?

செப்டம்பர் 2
மானம் போயிற்று. எங்கள் ஊரில் தூரத்தில் நிற்பவனுக்குப் பந்தை வீசுவோம். இங்கே பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டெர்மட் என் முதுகோடு ஒட்டி நிற்கிறான், கையில் கொடுத்தால் போதும். பழகிய கை கேட்டால்தானே? வீசிவிட்டேன். அவன் அடிவயிற்றில் போய் இடித்தது. “உங்க ஊருக்கு எங்களைப் பிடிக்காதுன்னு தெரியும். அதுக்காக இப்படியா?” என்றான், தரையில் சுருண்டபடி.

ஆட்டம் போனால் நான் யார்? ஊரில் இருக்கும் என் மனைவி மார்தாவிடம் என்னவென்று சொல்வேன்?

செப்டம்பர் 3
இன்றும் அதே கதை. சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 7
ஷிப்ட் முடிந்து வந்தால் பட்டறை வாசலில் ஓட்டோ, கையில் பந்து.

“ஏய் பிட்ஸ்பர்க், குனி.” பின்னால் வந்து அவனே கையை நீட்டினான். “வீசாதடா! கதவுப்பிடியைத் திருகற மாதிரி கையைத் திருப்பிக் குடு.”

“நான் தேறினா உன் இடம் போயிடும். உனக்கு இதுல என்ன லாபம்?”

“போன வருஷம் உன்னை நகத்தறதுக்குள்ள என் உசுரு போச்சு. அப்படிப்பட்டவன் இப்படிச் சும்மா தோக்கறதைப் பாக்கச் சகிக்கலை.”

குனிந்தேன்.

செப்டம்பர் 15
கை படிகிறது. தினமும் ஓட்டோ வீட்டில்தான் சாப்பாடு, தொத்திறைச்சியும் புளித்த முட்டைக்கோஸும். “பேசாம நீங்க ரெண்டு பேரும் குடித்தனம் பண்ணுங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்” என்கிறாள் அவன் மனைவி லோட்டி.

செப்டம்பர் 24
என்னை வைத்துக்கொண்டார்கள். ஓட்டோவை அனுப்பிவிட்டார்கள்.

பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம்தான் நேரே வந்தான். “மூஞ்சியை ஏன்டா தொங்கப் போட்டிருக்க? உன்னைவிட மட்டமானவன்கிட்ட தோத்திருந்தா அது அவமானம்.”

கடவுளே, நான் சந்தோஷப்படுவதா, அழுவதா?

அக்டோபர் 3
நேற்று முதல் ஆட்டம். ஜெயித்துவிட்டோம்! டெர்மட்டுக்குக் கொடுத்த ஒரு பந்தும் தவறவில்லை. ஆனால் பந்தை உதைத்து அனுப்பும் முறை வந்தபோது, உதைப்பவன் தூரத்தில் நிற்க, நான் மடையன் போல, எங்கள் ஊர் வீச்சை மறந்து, இல்லாத ஆளின் கையில் கொடுத்தேன். பந்து என் காலடியிலேயே விழுந்தது. நல்லவேளை, மேலே விழுந்து அமுக்கிக்கொண்டேன்.

முடிந்ததும் ஓட்டோ கூட்டத்திலிருந்து இறங்கி வந்தான். அத்தனை பேர் நடுவில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். “நீ இல்லேன்னா நான் இங்க இல்லடா.”

“சரி சரி, கண்ணைத் தொடைச்சுக்கோ. திங்கக்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் வா. இனிமே உனக்கு பிட்ஸ்பர்க் ஆட்டம் வேற சொல்லித் தரணும்.”