காய்ந்த தரையில் விழுந்தவன்

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். சாப்பிடும்போதுகூட ஹெல்மெட் போட்டிருக்கிற மனிதருக்கு என்ன வந்துவிடப் போகிறது?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் தொடங்கினேன். “தம்பி விழுந்துட்டான்” என்று வாயைத் திறந்ததும், “என்ன செருப்பு போட்டிருந்தான்? பார்த்து நடந்தானா?” என்று ஆரம்பித்துவிட்டீர்கள். சுரங்கத்தில் நீங்கள் பாதுகாப்பு அதிகாரிதான், இல்லையென்று யார் சொன்னது? அதற்காக நான் என்ன, உங்கள் காலை ஷிப்டா? கடிதத்தில் என்றால் உங்களால் குறுக்கே பேச முடியாது. தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

என் தம்பி ஈரத்தில் வழுக்கி விழவில்லை. தரை காய்ந்து கிடந்தது. போன விடுமுறையில் வாங்கிவந்தீர்களே, “எச்சரிக்கை, தரை வழுக்கும்” என்று எழுதிய மஞ்சள் பலகை, அதில் தடுக்கித்தான் விழுந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்க்காமல் இல்லை.

பலகை அங்கே ஏன் இருந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சமையலறையிலிருந்து கூடத்துக்குத் திரும்புகிற மூலையில், நீங்களே முட்டி போட்டு உட்கார்ந்து சாக்கட்டியால் குறி போட்டீர்கள். துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் பலகை அங்கேயே நிற்க வேண்டும், எடுத்து எடுத்து வைத்தால் ஒருநாள் மறந்துவிடுவாய் என்றீர்கள். நானும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகிவிட்டேன். பிள்ளை அதற்குக் கண்ணும் மீசையும் வரைந்து, அப்பா என்று பேர் வைத்திருக்கிறாள்.

தம்பி எதற்கு வந்தான் தெரியுமா? உங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று எத்தனை காலம் ஆகிறது! பாரத்தை எப்படிக் குனிந்து தூக்க வேண்டும் என்று பெரிய அதிகாரிகள் முன்னால் செய்துகாட்டினீர்கள். அவன் தைத்த பேன்ட் பின்பக்கம் டர்ரென்று பிரிந்துவிட்டது. தையல் சரியில்லை என்றீர்கள் நீங்கள். தையலைக் கேட்காதீங்க, தொந்தியைக் கேளுங்க என்றான் அவன். அன்றோடு சரி, ஆளுக்கொரு திசை. போன மாதம் அவனே வந்து பீரோவிலிருந்த உங்கள் பேன்ட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனான். ஒவ்வொன்றிலும் இடுப்பைப் பிரித்துத் துணி கொடுத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, அடுக்காகத் தாடைவரை தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தான். “அத்தான்கிட்ட சொல்லிடாதக்கா, துவைச்சதுல லூஸ் ஆயிடுச்சுன்னு சொல்லிடு” என்று சொல்லிக்கொண்டே மூலை திரும்பினான். அப்புறம் பேன்ட்டுகள் ஒருபக்கம், அவன் ஒருபக்கம்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தேன். முதலில் ஆளைப் பார்த்தேன். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, எதையும் நகர்த்தாமல் பலகையையும் தரையையும் படமெடுத்தேன். “நான் வலியில துடிக்கிறேன், நீ கல்யாண வீட்டு போட்டோகிராபர் மாதிரி நிக்கிறியே” என்று அழுகையிலும் திட்டினான். மருந்துச் சீட்டு ஒன்றையும் தொலைக்கவில்லை.

உடைந்தது வலது மணிக்கட்டு, கத்தரி பிடிக்கிற கை. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். தையல் கடை பூட்டிக் கிடக்கிறது. சும்மா இருக்க மாட்டாமல் இடது கையால் ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டிப் பார்த்திருக்கிறான். தலையோடு தோளும் சேர்ந்து நுழைகிறது. எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் அந்தத் துணியை மடித்துக்கொண்டே இருந்தான். எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் எடுத்த வீட்டுக் காப்பீட்டில், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நம்மால் அடிபட்டால் ஈடு உண்டு அல்லவா? அந்த ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மீசை வைத்த பலகையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். “தரை காய்ஞ்சிருக்கப்போ இது ஏம்மா இங்க?” என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் பாதுகாப்பு அதிகாரிங்க என்றேன். “ஓஹோ” என்றார். அந்த ஓஹோவை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! ஆனால் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். முழுத் தப்பும் விழுந்தவர் மேலேயே என்றால் ஒன்றும் கிடைக்காதாம். நடக்கிற வழியில் நாம் வைத்த பொருளால் விழுந்தான் என்றால் கிடைக்குமாம். பார்க்காமல் வந்ததற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்வார்களாம், அது நியாயம்தானே. காப்பீடு உங்கள் பேரில் இருப்பதால் நடந்ததை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அடுத்த போனில் பலகை, காப்பீடு என்று நான் தொடங்கியதுமே நீங்கள், “அவனோட கவனக்குறைவுன்னு எழுதிடுறேன்” என்றீர்கள். பாதுகாப்பு அதிகாரி வைத்த எச்சரிக்கைப் பலகையே ஆளைக் கவிழ்த்துவிட்டது என்று தெரிந்தால் அங்கே சிரிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். சிரிக்கட்டுமே! சிரித்ததால் யாருக்கும் கை உடையவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் சொன்னது எப்படியோ அவன் காதுக்கு எட்டிவிட்டது. “நான்தான் பார்க்காமல் வந்தேன், யார் மேலும் தப்பில்லை” என்று இடது கையால் கோழி கிறுக்கியதுபோல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து நீட்டினான். “ஏற்கெனவே என்னால அத்தானுக்கு நாலு பேர் முன்னாடி அசிங்கமாப் போச்சு. இன்னொரு தடவை வேணாம்க்கா” என்றான். வாங்கி அவன் கண்ணெதிரேயே கிழித்துப் போட்டேன். அதற்கும் என்னைத் திட்டிவிட்டுப் போனான்.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைத் தனியே விட்டுவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிற பயத்தில்தான் பலகையும் வழுக்காத பாயும் சுவர்க் கைப்பிடியுமாக வாங்கி நிறைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் சுற்றி நடந்தேன். இப்போது எனக்காக நீங்கள் ஒன்று செய்யுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

நீங்கள் ஊருக்கு வந்து இறங்கும்போது அவன்தான் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். உங்கள் பெட்டியை அவன் இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி