பனி உருகியது தெரியாத பெட்டி

நேற்று பேரன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பழுது பார்க்க ஹட்டன் டவுனிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டியின் உள்முதுகைக் கழற்றி, நுனியில் சின்ன மொட்டு வைத்த ஒயர் ஒன்றை வெளியே எடுத்தார். ஒரு கிளாசில் ஐஸ் தண்ணீர் கேட்டு வாங்கி, அந்த மொட்டை அதில் போட்டுவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சென்சர் போயிருச்சும்மா. ஐஸ்ல கெடந்துக்கிட்டே சூடா இருக்கேன்னு பொய் சொல்லுது" என்றார்.

நான் சிரித்தேன். கிழவிக்கு என்ன புரிந்திருக்கும் என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். இதே வேலையை அறுபது வருடத்துக்கு முன்னால், மீட்டர் இல்லாமல், என் சிநேகிதி நீ செய்து பார்த்தாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் போன பிறகு இந்தத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

தலவாக்கலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துப் பங்களாவில் நீ குசினியில் சமையல் வேலைக்காரி, நான் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பிள்ளைக்கு ஆயா. உனக்கும் எனக்கும் ஒரே வயது. அவர் மனைவி துரைசாணியின் ஐஸ் பெட்டி கப்பலில் வந்து, ரயிலில் வந்து, கடைசி ஏற்றத்தில் எட்டுப் பேர் தோளில் வந்தது. அதில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு நடுவே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் மோட்டார் நின்று உள்ளே படிந்த பனி உருகும். உருகி முடிந்ததும் பொத்தான் தானாக வெளியே வந்து மோட்டார் மறுபடி ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது அதை அழுத்திவிட்டுப் போவது உன் வேலை. ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை.

அந்த மார்கழியில் சனிக்கிழமை பகலுக்கு விருந்தாளிகள். கொழும்பிலிருந்து ரயிலில் வந்த மீன் முதல்நாளே பெட்டிக்குள் போயிருந்தது. காலை பத்து மணிக்குத் துரைசாணி கதவைத் திறந்தபோது மீன் நாறியது, புட்டிங் தண்ணீராகக் கிடந்தது. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் உனக்கு வினையாயிற்று. ஓடுகிற மெஷின் எப்படிப் பழுதாகும்? நீ வேண்டுமென்றே ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் வந்து முடுக்கிவிட்டாய் என்று துரைசாணி சொல்லிவிட்டாள்.

துரை என்னைக் கூப்பிட்டார். அவருடைய தமிழ் மலையில் ஏவல் சொல்லிப் பழகிய தமிழ். "ஆயா, நீ என்ன பாத்தது?"

"தெரியாதுங்க தொரை" என்றேன்.

எனக்குத் தெரியும். அன்று காலை ஆறு மணிக்குப் பிள்ளைக்குப் பால் எடுக்க நான் குசினிக்குள் போனேன். பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. நீ அப்போது லயத்து வீட்டிலிருந்தே புறப்பட்டிருக்க மாட்டாய். பிறகு நீ வந்து அடுப்பு மூட்டி, குசினி சூடான பிறகு, யார் கையும் படாமல் அது தானாக உறுமத் தொடங்கியதையும் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். என் வேலை போய்விடுமோ என்று பயம்.

துரை உன்னிடம் ஒரு தாளை நீட்டினார். உன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது. கைநாட்டு வைத்தால் மன்னிப்பு, இல்லாவிட்டால் பங்களாவில் வேலை இல்லை.

"எனக்கு வாசிக்கவும் கையெழுத்துப் போடவும் தெரியுமுங்க. அதனாலதான் இதுல போடமாட்டேன்" என்றாய். "அடுத்த சனிக்கெழம வரைக்கும் பொறுங்க. கோளாறு எங்கயிருக்குன்னு நான் காட்டுறேன்."

ஒரு வாரம் தவணை கொடுத்தார். விளையாட்டாகத்தான் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னைப் பிடித்துக்கொண்டாய். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ திட்டவில்லை. "பயந்துட்ட புள்ள. சரி, இப்ப ஒன்னு விடாம சொல்லு. பொத்தான் உள்ள இருந்துச்சா, வெளிய இருந்துச்சா?"

உள்ளேதான் இருந்தது, கதவைத் திறந்தபோது விளக்கு எரிந்தது என்றேன்.

"அப்ப கரண்டு இருக்கு. மோட்டாரும் பெறகு ஓடுது, அதுலயும் கொறையில்ல. பனி உருகிருச்சுங்கறது மட்டும் அதுக்குத் தெரியல" என்றாய்.

குமிழின் பின்னாலிருந்து நூல்போன்ற செப்புக் குழாய் ஒன்று ஐஸ் அறையின் சுவருக்குப் போவதைத் துடைக்கும்போதெல்லாம் நீ பார்த்திருந்தாய். சூடு குளிரை மோந்து பார்க்கிற மூக்கு அதுவாகத்தான் இருக்கும் என்றாய். உன் வீட்டுக்காரர் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அங்கே பொறுப்பாக இருந்த டீமேக்கரிடம் கேட்டு ஒரு வெப்பமானியை வாங்கிவந்து கொடுத்தார். அந்த வாரம் முழுவதும் விடியற்காலையில் குசினியின் குளிரை நான் பார்த்து உனக்குச் சொன்னேன். அது பாரன்ஹீட் கணக்கு, ஒருநாளும் ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரையின் கண் முன்னாலேயே பொத்தானை அழுத்தினாய். சனிக்கிழமை காலை ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டு முடிந்து அவர் வந்தபோது, உன் சொற்படி அடுப்பு மூட்டாமல் வைத்திருந்தோம். துரைசாணி கம்பளிக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு நின்றாள். பெட்டி மூச்சுக் காட்டவில்லை.

"தொட்டுப் பாருங்க தொரை. பனி ஒரு பொட்டு இல்ல."

அவர் தொட்டுப் பார்த்தார். நீ வெண்ணெய்க் கத்தியால், குழாயைச் சுவரோடு பிடித்திருந்த பிடியின் திருகைத் தளர்த்தி, குழாயின் நுனியை உன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாய். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. டக்கென்று பொத்தான் வெளியே வந்தது. மோட்டார் உறுமியது.

"வேலை செய்யுதுதானே?" என்று துரைசாணி கேட்டாள்.

"பொறுங்கம்மா." நுனியைக் குழாய்த் தண்ணீர் நிரம்பிய கிளாசில் போட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாய். மோட்டார் நின்றது. கிளாசில் வெப்பமானி ஐம்பதைக் காட்டியது. "ஐஸ் உருகுற சூட்டுக்கு மேல எவ்வளவோ ஏறின தண்ணி இது. இந்நேரம் பொத்தான் எழும்பியிருக்கணும், எழும்பல." பிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினாய். ஐம்பத்தைந்தில் ஒன்றும் இல்லை. ஐம்பத்தெட்டில் ஒன்றும் இல்லை. அறுபதைத் தொட்டபோதுதான் டக்கென்றது. "நம்ம குசினி ராத்திரியில அறுபது ஏறாதுங்க. அடுப்பு மூட்டினாத்தான் ஏறும். அதுவரைக்கும் இது செத்தே கெடக்கும்."

ஸ்டோரில் தினமும் வெப்பமானி பார்க்கிற மனிதர் துரை. அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து குழாயைப் பார்த்தார். "உள்ள இருக்கிற காஸ் கசிஞ்சது" என்றார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "போன சனிக்கெழம ஆறு மணிக்கே இது நின்னு கெடந்துச்சுங்க தொரை. அப்ப இவ வரவே இல்ல. பாத்துட்டுத்தான் தெரியாதுன்னு சொன்னேன்." துரைசாணி என்னை முறைத்தாள். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உன் தோள் தளர்ந்ததைக் கண்டேன்.

துரை அந்தத் தாளைக் கிழித்து, போய் வேலையைப் பார் என்றார். நான் மூச்சு விட்டேன். நீ நகரவில்லை.

"கிழிச்சா போதாதுங்க. மீனக் கெடுத்தவன்னு தோட்டம் பூரா சொல்லியாச்சு. திங்கக்கெழம பெரட்டுல, எல்லார் முன்னாலயும் தொரை சொல்லணும்."

அவர் முகம் சிவந்தது. அந்த மலையில் எவரும் துரையிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் திங்கட்கிழமை, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கும் கணக்கப்பிள்ளையும் நிற்க, "ஐஸ் பொட்டி பழுது. குசினிப் பொம்பள மேல தப்பு இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

பங்களாவில் உனக்கு வேலை அப்படியே இருந்தது. நீ அதற்குத் திரும்பவில்லை. அன்றைக்கே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து மலைக்கு ஏறினாய். அட்டையும் மழையும் உள்ள மேல்மலைக்கு எதற்குப் போகிறாய் என்று கேட்டேன்.

"அவங்க போகச் சொன்னப்ப நான் போகல. இப்ப இருக்கச் சொல்றாங்க. இருக்கணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணுறேன்."

நான் அங்கேயே இருந்தேன். அதற்காக நீ ஒருநாளும் என்னைக் குத்திக்காட்டவில்லை. உன் பிரசவத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டாய்.

பிறகு நான், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விடும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு ஆயாவாகப் போனது உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. அங்கே ஒரு பெண் குழந்தைகளுக்கான பால்மாவை, பால் பவுடரைத் திருடினாள் என்று விசாரணை வைத்தார்கள். எடுத்தது யார் என்று நான் பார்த்திருந்தேன். அது விசாரணை நடத்தியவருக்கு வேண்டிய ஆள். நீ என்ன பார்த்தாய் என்று என்னைக் கேட்டார்கள். எழுந்து நின்று பெயரைச் சொன்னேன். அன்றோடு என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். கூடையை மாட்டிக்கொண்டு போனேன். இந்த வயதிலும் எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று அதற்குப் பிறகு ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.