பிலோவின் மைப்பொட்டு

பிலோ, என் வாயாடி நாத்தனாரே,

மேலே போனவர்களுக்குக் கடிதம் எழுதினால் போய்ச் சேருமா என்று உன் அண்ணனைக் கேட்டேன். "உன் கையெழுத்த உயிரோட இருக்கறவங்களே படிக்க முடியாது, அவ எங்க படிக்கப் போறா" என்றார். ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள், நர்ஸம்மா. தெருவில் மற்றவர்களும் படிக்கட்டும். உன்னைப் பற்றி அவர்களுக்கும் ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

விவேக் நகர் அப்படியேதான் இருக்கிறது. வியாழக்கிழமை கோயில் கூட்டத்தில் என் மெழுகுவர்த்திக் கடைக்குக் குறைவில்லை. உன் அண்ணன் ஆட்டோவை விற்றுவிட்டு வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்டுக்கு செக்யூரிட்டியாகப் போகிறார். உட்கார்ந்து தூங்குவதற்குச் சம்பளம் தருகிற வேலை, இவருக்கென்றே செய்தது மாதிரி.

எதற்குச் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஸ்டெல்லா நர்ஸிங் முடித்துவிட்டாள். உன்னை அனுப்பின அதே சேவைக் குழுவில் சேர்ந்து, நீ இருந்த அதே ஆப்பிரிக்கக் கிராமத்தையே கேட்டு வாங்கியிருக்கிறாள். இந்தச் சனிக்கிழமை ஃப்ளைட்.

அவள் சின்னதாக இருந்தபோதே உன் ஜாடை. இப்போது பார்த்தால் ஜாடை இல்லை, நீயேதான். அதே நெற்றி, அதே பல் இடுக்கு. அதை வைத்து இத்தனை நாள் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு அந்தக் கேலியை நிறுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யார் வந்தது தெரியுமா? உன் மெர்சி. அங்கே உனக்காக மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாளே, அவள்தான். கைக்குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று குழுக்காரர்கள் இங்கே ஆபரேஷனுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். நல்லபடியாக முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்புமுன் உன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாளாம்.

கதவைத் திறந்தது ஸ்டெல்லா. மெர்சி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு படி கீழே இறங்கிவிட்டாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஸ்டெல்லா இங்கிலீஷில் தன் பெயரைச் சொன்ன பிறகும் உள்ளே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எதிர்வீட்டு லூர்து அக்காவை உனக்குத் தெரியாதா? குழந்தைச் சத்தம் கேட்டால் போதும். "அய்யோ என் ராஜா, தெருக்கண்ணு பூரா இதுமேலதான்" என்று வந்தவள், என் அலமாரியிலிருந்து மை டப்பாவை எடுத்து, விரலில் தொட்டு, கன்னத்துக்குக் கொண்டுபோனாள். மெர்சி அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் லூர்து அக்காவின் வளையல் உடைந்தது.

"இன்னாடி இவ, நான் என்ன கொல்லவா வந்தேன்? கண்ணு படாம இருக்கத்தானே வெக்கறேன்" என்றாள் லூர்து அக்கா. ஸ்டெல்லா அதை இங்கிலீஷில் சொன்னாள். மெர்சி பிடித்த கையை விட்டாள். திரும்பத் திரும்ப அதையே சொல்லச் சொன்னாள். அப்புறம் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தாள். ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வந்துகொண்டிருந்தது. இடுப்பில் இருந்த குழந்தை ஒவ்வொன்றின் கன்னத்திலும் மை.

அவள் அப்புறம் சொன்னதை ஸ்டெல்லா தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். நீ போவதற்கு முன்னால் அந்த ஊரில் காலரா வந்ததாம். வெளியூர் டாக்டர்கள் வண்டியில் வந்து, சீக்கான குழந்தைகளைப் பிரித்தெடுத்துக் கன்னத்தில் கறுப்பு மசியால் அடையாளம் வைத்து ஏற்றிக்கொண்டு போனார்களாம். எங்கே, எதற்கு என்று தாய்மார்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. போனதில் முக்கால்வாசி திரும்பி வரவில்லை.

அந்த ஊருக்குத்தான் நீ போனாய், பிலோ. மரத்தடியில் தராசைத் தொங்கவிட்டு, எடை பார்த்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஆசையாக ஒரு பொட்டு வைத்தாய். "எல்லாம் கறுப்புத் தங்கம் அண்ணி, என் கண்ணே பட்டுடும்" என்று போனில் சொன்னாயே.

தாய்மார்கள் வீட்டுக்குப் போனதும் துடைத்துவிடுவார்களாம். ஒரு குழந்தை மட்டும் துடைப்பதற்குள் காய்ச்சலில் படுத்தது. பொட்டோடேயே போய்விட்டது.

அதற்குப் பிறகுதானே நீ போன் பண்ணினாய். "அண்ணி, இன்னிக்கு மரத்தடில நானும் தராசும் மட்டும்தான்." நான் என்ன சொன்னேன்? "உன் மூஞ்சியப் பார்த்து பயந்துட்டாங்கடி." இரண்டு பேரும் எப்படிச் சிரித்தோம்.

"ஏன் பிலோகிட்ட கேக்கல?" என்று மெர்சியைக் கேட்டேன். வந்த விருந்தாளியை முகத்துக்கு நேரே, என் பிள்ளையை எதற்குக் குறி வைத்தாய் என்று எப்படிக் கேட்பது என்றாள். நியாயம்தான். நீயும் கேட்கவில்லையே. அவர்களுக்கு ஏதோ கோபம் என்று நினைத்தாய், கோபம் ஆறட்டும் என்று கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிட்டாய்.

அடுத்ததைச் சொல்லும்போது மெர்சி ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இருந்தாலும் உன்னைப் பட்டினி போட அவளுக்கு மனசு வரவில்லை. தினமும் காலையில் உன் கேட்டருகே சோளக் கூழ் வைத்துவிட்டுப் போவாளாம். ஒரு நாள் கூழ் அப்படியே இருந்தது. மறுநாளும். எங்கள் சோறு இவளுக்கு வேண்டாமாக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். கூப்பிடாமல் சாத்தின கேட்டைத் தாண்டுவது அங்கே பெரிய அவமரியாதை. நீ உள்ளே காய்ச்சலில் கிடந்தாய். கூப்பிட உனக்குக் குரல் இல்லை.

லூர்து அக்கா உடைந்த வளையல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த வாயை மூட வைக்க ஒரு மனுஷி ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டியிருந்தது. ஆப்பிரிக்கா ஒரு ஊர் இல்ல அண்ணி, மலாவின்னு சொல்லு என்பாய். சரி, மலாவியிலிருந்து.

கிளம்பும்போது வாசலில் நின்று மெர்சி இன்னொன்றும் சொன்னாள். இறந்த குழந்தையின் தாய் மரத்துக்கு எதிரிலேயேதான் இன்னும் குடியிருக்கிறாளாம். குழுவின் வண்டி வரும்போதெல்லாம் வெளியே வந்து நிற்பாளாம். யார் இறங்குகிறார்கள் என்று முகத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே போவாளாம். "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா" என்றாள்.

எந்த முகத்தைத் தேடுகிறாள், பிலோ?

அன்றைக்கே ஸ்டெல்லாவின் பெட்டியைப் பிரித்துத் துணியை எல்லாம் வெளியே போட்டேன். அவள் ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப வைத்தாள்.

"வேற ஊருக்குப் போடி. உலகத்துல சீக்காளிக்கா பஞ்சம்?"

"இல்லம்மா. அத்தை மூஞ்சியோட நான் போய் நின்னாத்தான் அந்த அம்மா கேக்க வேண்டியதக் கேப்பாங்க. நான் மொதல்ல அவங்க வீட்டு வெளியதான் நிக்கப் போறேன். கூப்பிடற வரைக்கும்."

"கூப்பிடலன்னா?"

அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். மெர்சி அடுத்த மாதம்தான் ஊர் திரும்புவாள். அதுவரைக்கும் அந்த ஊரில் இவளுக்காகப் பேச யாரும் இல்லை.

பரீட்சைக்குப் போனாலும் மைசூருக்கு டூர் போனாலும், அவள் காதுக்குப் பின்னால் ஒரு மை தொட்டு வைக்காமல் நான் வாசலைத் தாண்ட விட்டதில்லை. உனக்கே தெரியும், உனக்கும் அப்படித்தானே வைத்து அனுப்பினேன். இந்த முறை கேட்டாள்: "அம்மா, ஒரு புள்ளி கூட வேணாம். அழுக்கு மாதிரி கூட எதுவும் தெரியக் கூடாது."

மையில்லாமல் பிள்ளையை அனுப்புவது, மழைக்காலத்தில் கூரையைப் பிரிப்பது மாதிரி இருக்கிறது. ஆனாலும் உனக்குச் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் அவள் முகத்தை என் கையாலேயே சோப்பு போட்டுக் கழுவிவிடுவேன். காதுக்குப் பின்னாலும் துடைப்பேன். உன் முகத்தைத் துளி கறுப்பில்லாமல் அந்தத் தாய் முன்னால் அனுப்புகிறேன். அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

நீ அந்த மரத்தடியில்தான் இருப்பாய் என்றால், பிள்ளையைத் தனியே நிற்க விடாதே.

மை டப்பாவை எட்டாத அலமாரியில் ஏற்றிவிட்டு, போன் அடிக்கக் காத்திருக்கப் போகிற
உன் அண்ணி,
ஆரோக்கியசெல்வி