எனக்கு ரெண்டு லட்சம் இருக்கிறதாம்

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நோன்புக்கு முன் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றீர்களே, தவணை விசாரிக்க ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு கடைக்குப் போனேன். சேல்ஸ்மேன் என் சம்பளத்தைக் கேட்டான். போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டான். ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டரில் நாள் முழுக்க நான் பிறரிடம் கேட்பதுதானே, யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கு ரெண்டு லட்சம் லோன் பாஸ் ஆயிட்ச்சி! டிவியும் சேத்து எடுத்துக்கினு போங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாஸ்டலுக்குக் கட்டி, ஊருக்கு அனுப்பியது போக என் கையில் நிற்பது மூவாயிரம்தான். "என் செலவை யாரு பார்த்தா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சிஸ்டம் பாக்காதுக்கா. சம்பளம் மட்டும்தான் பாக்கும்."

அங்கேயே உட்கார்ந்து, அந்த லோனை ரத்து செய்ய வைத்த பிறகுதான் எழுந்தேன். பயப்படாதீர்கள், ஒரு ரூபாய் கடன் இல்லை. பக்ரீத் வரை பொறுங்கள். சேர்த்து வைத்து முழுப் பணமும் கொடுத்தே வாங்குவோம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். என் பழைய போர்வையும்.

அன்றிலிருந்து ஒரு பெண் தினமும் போனில், "தபஸ்ஸும் மேடம், லோன் வேணுமா?" என்கிறாள். வேண்டாம் என்று வைத்துவிடுவேன். நேற்று அவள் பேசவில்லை. நாள் முழுக்க ஒருவரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, அத்தா.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
தபஸ்ஸும்