மார்க்கைச் சத்தமாகச் சொன்னவளுக்கு

வாழையிலையில் சுடுசோறு விழுந்ததும் ஒரு பச்சை வாசம் எழும்புமே, அது பட்டால் எனக்குப் பசிக்கு முன்னால் உன் ஞாபகம்தான் வருகிறது. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. எடை மட்டும் எப்படியோ ஏறிக்கொண்டிருக்கிறது.

நேற்று கொடுமுடியில் ஒரு கல்யாணம். பக்கத்து இலையில் என் மகள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயில். ஒரு வாரமாக, "இனிப் பள்ளிக்கூடமே போகமாட்டேன்" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவளை இழுத்து வந்திருந்தேன். காங்கேயத்து அத்தை ஒவ்வொரு பிள்ளையாக மார்க் விசாரித்தபடி வந்துகொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை, இனிப்பு ஆகாது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் மார்க்குதான் பாயசம்.

நாம் இருவரும் பத்தாவதில் தோற்ற வருடமும் இப்படித்தான் ஒரு பந்தி. நான் தூணுக்குப் பின்னால் இடம் தேடினேன். நீ என்னை நடுவரிசைக்கு இழுத்துப் போனாய். உன் பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றாய்.

"ஏனுங்க பெரீம்மா, நானே சொல்லிப்போடறனுங்க. கணக்குல எனக்குப் பதினெட்டு, இவளுக்கு இருவத்திரண்டு. எங்க ரெண்டு பேத்துல இவதானுங்க ஃபர்ஸ்ட்டு!"

சாம்பார் வாளி அப்படியே நின்றது. பெரியம்மாவுக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. பாவம், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில்தான் பார்த்தேன், குழாயைத் திறக்காமலேயே கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"பயமா இருந்துச்சா புள்ள?"

"இல்லாம? ஆனா அவங்க கேட்டு நாம சொன்னா அழுகாச்சி வருது. நாமளே சொல்லிப்போட்டா கோவந்தான் வருது. கோவத்துல படிக்கலாம்டி."

அக்டோபரில் நீ பாஸானாய். நான் மறுபடியும் ஃபெயில். மூன்றாம் முறை நான் எழுதியபோது கோயம்புத்தூர் வெயிலில் தேர்வு முடியும்வரை வாசலில் நின்றாய். "முப்பத்தஞ்சு போதும், பேராசப்படாத" என்றுதான் உள்ளே அனுப்பினாய். முப்பத்தாறு வாங்கினேன். அந்த உபரி ஒன்றை இன்றுவரை பீற்றிக்கொள்கிறேன்.

நேற்று அத்தை எங்கள் இலைக்கு வந்து சேர்ந்தார்.

"ஏங் கண்ணு, கணக்குல எத்தன?"

மகளின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் உன்னைப் போலவே குரலை ஏற்றினேன்.

"பதினாறுங்க அத்தை! ஃபெயிலு! நான் ரெண்டு தடவ ஃபெயிலுங்க. என்னையத் தாண்ட இவளுக்கு இன்னும் நாளாகும்!"

வரிசையே திரும்பியது. மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதினாறு இல்லீங்க, பதினாலு. எங்கம்மா ரெண்டு சேத்திச் சொல்லுதுங்க."

இன்று காலை அவள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். அதன்பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் தைரியம் முழுசாக என்னிடம் இருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேற்றுத் தெரிந்துவிட்டது, இரண்டு மார்க் குறைச்சல்.

இருக்கட்டும். அப்படியும் நான் பாஸ்தான்.