நாற்பத்தோராவது கையொப்பம்

அனுப்புநர்:
திருமதி அன்ரனெற் றெமிஜியஸ்,
ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுநர்:
தலைமை அரச வழக்குரைஞர் அவர்கள்,
நீதிமன்ற வளாகம், ரொறன்ரோ.

பொருள்: திரு. தியாகலிங்கம் மீதான தாக்குதல் வழக்கை மீளப்பெற வேண்டாமெனக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மில்லிக்கனில் திரு. தியாகலிங்கத்தின் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ரில் என் இரு மகள்மாருடன் வாடகைக்கு இருந்தேன். 06.02.1994 அன்று, மூன்று நாட்களாக ஹீற்றர் வேலை செய்யாததை முறையிட மேலே சென்றேன். அவர் என்னைப் படியிலிருந்து தள்ளிவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. பொலிசார் வழக்குப் பதிந்தனர்.

2. அவர் வரும் நவம்பரில் பாடசாலைச் சபைத் தேர்தலில் போட்டியிடுகிறார். 14.06.1994 அன்று தங்கள் உதவி வழக்குரைஞர், ஓராண்டு நன்னடத்தைப் பிணையுடன் வழக்கை மீளப்பெற உத்தேசித்திருப்பதாக நீதிமன்றில் தெரிவித்தார். திரு. தியாகலிங்கம் நல்லவர் என்று அறுபத்துநான்கு தமிழர் ஒப்பமிட்ட கடிதமே காரணம். "உங்கள் சமூகமே சமாதானத்தை விரும்புகிறது" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் என்னிடம் அன்பாகவே கூறினார். வழக்கு 18.10.1994க்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

3. சாட்சிகளுக்கு உதவும் அலுவலர் அக்கடிதத்தின் பிரதியை எனக்குக் காட்டினார். நாற்பத்தோராவது கையொப்பம் என்னுடையது. மார்ச் 13ஆம் திகதி பூசை முடிந்து வந்தபோது எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த திரு. அமிர்தநாதர் ஓர் ஆங்கிலக் கடதாசியை நீட்டி, "பஸ் நிறுத்தம் கேட்டு எழுதுறம் பிள்ளை, சைன் வையுங்கோ" என்றார். வலது கை பிளாஸ்ரரில் இருந்ததால் இடது கையால் வைத்தேன். எழுத்துக் கோணலாக இருப்பதைத் தாங்களே பார்க்கலாம்.

4. திரு. அமிர்தநாதரிடம் போனேன். "எனக்கும் உப்பிடித்தான் சொல்லித் தந்தவை" என்று தலையில் கைவைத்தவர், அன்றே தன் கையொப்பத்தை மீளப்பெற்றுக் கடிதம் தந்தார். பிறகு யூலை, ஓகஸ்ட் இரு மாதமும் வேலை முடிந்து, ஒப்பமிட்ட மற்றவர்களைத் தேடி வீடு வீடாகச் சென்றேன். விட்பி நகர் வரையும் போனேன். பதினொரு வீட்டில் கதவு திறக்கவில்லை. "தேர்தல் முடியட்டும், எங்கட பிள்ளையளுக்கும் அங்க ஒரு ஆள் வேணும்" என்றவர்களும் உண்டு. "உங்கட கைதான் முறிஞ்சதெண்டு தெரியாது அன்ரி" என்று ஒரு இளந்தாய் அழுதார். தம் கையொப்பத்தை மீளப்பெற்ற இருபத்தாறு பேரின் கடிதங்களும் இம்மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட்டுள்ளன.

5. அரச வழக்குரைஞர் எனது சட்டத்தரணி அல்லர், பொதுமக்களுக்காக நிற்பவர் என்று முறைப்பாட்டை எழுதிய பொலிஸ் உத்தியோகத்தர் விளக்கியிருந்தார். அதை ஏற்கிறேன். திரு. தியாகலிங்கம் தேர்தலில் வெல்வதும் தோற்பதும் எனக்கு ஒரு பொருட்டல்ல. என்ன தண்டனை என்பதும் நீதிபதியின் அலுவல். ஆனால் அறுபத்துநான்கு பேரைச் சமூகம் என்று எண்ணிய தங்கள் அலுவலகம், அன்று அந்தப் படியில் நடந்ததை என்னிடம் ஒருமுறையும் கேட்கவில்லை.

ஆகவே, வழக்கை மீளப்பெறாது விசாரணைக்கு விடுமாறும், தமிழ் மொழிபெயர்ப்பாளருடன் என்னைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். 18ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கே வந்திருப்பேன். பொதுமக்களில் நானும் ஒருத்தி, ஐயா.

இடம்: ரொறன்ரோ
திகதி: 19.09.1994

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அன்ரனெற் றெமிஜியஸ்
(ஒப்பம்)