ஆறாவது கைக்கம்ப்யூட்டர்

மிஸ்,

இந்தக் கறுப்புக் குச்சியின் நுனியில் உங்கள் பல் தடம் இன்னும் இருக்கிறது. யோசிக்கும்போதெல்லாம் இதைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறேன். எங்கள் மண்டி மொஹல்லா தெருவில் ஆட்டோ சத்தம்கூட அடங்கிவிட்டது. தமிழில் எழுதினால், கன்னடம் மட்டும் படித்த அண்ணனுக்குப் படிக்க வராது. அப்பாவுக்கு வரும். அதனால் எழுதி முடித்ததும் நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்க வேண்டும்.

காணாமல் போன ஆறாவது கைக்கம்ப்யூட்டர் என்னிடம்தான் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பெங்களூரில் உங்கள் தம்பியின் கம்பெனி, வகுப்புக்கு உதவுமா பாருங்கள் என்று ஆறு அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு. குச்சியால் கண்ணாடியில் கிறுக்கினால் இங்கிலீஷ் எழுத்தாக மாறும். நீங்கள் கிறுக்கியதை மட்டும் அது ஏற்கவே இல்லை. "ஊரு பிள்ளைங்க நோட்டெல்லாம் நான் திருத்துறேன். என் எழுத்த இது தப்புங்குது கணே. நீ எழுது பாக்கலாம்," என்று உங்கள் கன்னடம் கலந்த தமிழில் சொல்லி என்னிடம் நீட்டினீர்கள். என் எழுத்தை முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. "ஓ, உனக்கு மட்டும் மரியாதையா?" என்றீர்கள். வகுப்பே சிரித்தது.

அதை வைத்து என்ன செய்வது என்று உங்களுக்கே பிடிபடவில்லை. அவரைச் செடியின் உயரத்தைத் தினமும் குறிக்கச் சொன்னீர்கள். ஒரு வாரம் கழித்து, இதுக்கு ஸ்கேலும் நோட்டும் போதுமே என்று நீங்களே விட்டுவிட்டீர்கள். பையன்கள் அதற்குள் இருந்த விளையாட்டைக் கண்டுபிடித்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் நான் கேள்வி கேட்க எழுந்து, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன். நீங்கள் ஒன்றைக் கொண்டுவந்து என் பெஞ்சில் வைத்தீர்கள். "வாயில வரலேன்னா பர்வாகில்லா. இதுல எழுதிக் குடு."

மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று எழுதினேன். பெயர் சொல்லாமல் வகுப்புக்குப் படித்துக் காட்டினீர்கள். மணி அடிக்கும்வரை சண்டை. "யார் மிஸ் கேட்டது?" என்றான் ரமேஷ். "கேள்வியோட அப்பா அம்மா யாருன்னு உனக்கெதுக்கு? பதில் சொல்லுடா."

அன்றிலிருந்து அவை பெஞ்சு பெஞ்சாகச் சுற்றின. வாயே திறக்காதவர்கள் எல்லாம் எழுதினார்கள். எல்லாக் கேள்விகளையும் நீங்கள் ஆறாவது கைக்கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்தீர்கள். நீங்கள் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை அதை என் பையில் போட்டு, "வரிசையா அடுக்கிக் கொண்டு வா. இதக் காமிச்சாத்தான் கம்பெனிக்காரங்களுக்குப் புரியும்," என்றீர்கள். லேப் பூட்டியிருந்தது. ரிஜிஸ்டரில் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸுக்கு ஓடினீர்கள். மறுநாள் உங்களுக்கு நெஞ்சுவலி. நீங்கள் இனி இல்லை என்று திங்கட்கிழமை பிரேயரில்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

இந்த வாரம் பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். ஐந்துதான் இருந்தது. லேப் சாவி அட்டெண்டர் சிக்கண்ணாவிடம் இருக்கும். இன்று ஹெட்மாஸ்டர் ரூமில் அவர் தன் பையை மேஜைமேல் கவிழ்த்துக் காட்டினார். ராகி முத்தே கொண்டுவரும் சாப்பாட்டு டப்பாவும் ஒரு துண்டும் விழுந்தன. "நானு தகொண்டில்லா சார்," நான் எடுக்கவில்லை என்று மூன்று தடவை சொன்னார். நாளை மத்தியானம் கம்பெனி ஆள் வருகிறார், அதற்குள் கிடைக்காவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்றார் ஹெட்மாஸ்டர். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். வாயில் வரவில்லை.

இந்தக் கைக்கம்ப்யூட்டரிலேயே எழுதி ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இங்கிலீஷில் எழுதியும்விட்டேன்: "சிக்கண்ணா எடுக்கவில்லை. மிஸ் கொடுத்தார்கள். என்னிடம் இருந்தது. ரோல் நம்பர் 27."

ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று திரை காட்டிக்கொண்டே இருக்கிறது. அண்ணன் வாக்மேனில் இருப்பதை எடுத்துப் பார்த்தேன், தடிமன், நுழையவில்லை. இந்த ஒல்லி பேட்டரி எங்கள் சந்தில் எந்தக் கடையிலும் இல்லை. பேட்டரி செத்தால் உள்ளே இருப்பதெல்லாம் மறந்துபோகும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஹெட்மாஸ்டர் பார்க்கும்போது திரை காலியாக இருந்தால், சிக்கண்ணா பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டார் என்றுதானே நினைப்பார்?

அதனால் முதலில் கேள்விகளை வரிசையாக இந்த நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் என் கேள்வி இருந்தது: பயம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? அதன் கீழே நீங்கள் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நான் அதுவரை பார்க்கவில்லை. "இதைத் திங்கட்கிழமை அவளே வாயால் கேட்கட்டும்."

நாளை பிரேயர் மணிக்கு முன்னாலேயே ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போய் வாயாலேயே சொல்லப்போகிறேன் மிஸ். குச்சியை மட்டும் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. அதையும் கொடுத்துவிடுகிறேன். ஒன்று குறைகிறது என்றால் மறுபடியும் சிக்கண்ணாவைத்தான் கேட்பார்கள்.

மற்றக் கேள்விகள் நோட்டில் பத்திரமாக இருக்கின்றன. கடைசிக் கேள்வியை மட்டும் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அதை வாயில் வைத்திருக்கிறேன்.